இ.சி.ஆர். போக ஒரு காரும் டிரைவரும்: வாசகர் கேள்வி பதில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் டிரைவரோடு கார் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் போய்வருவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: கடற்கரைச் சாலை என்று பெயர்தான் இருக்கிறது. மாமல்லபுரம்வரை போயும் வண்டிக்குள்ளிருந்து கடலைப் பார்க்க முடியவில்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தெரியும்? (அம்பத்தூர் வாசகி)

ப: போகும்போது இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். ஆனால் பக்கம் மாற்றி உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம்வரை சாலைக்கும் கடலுக்கும் நடுவே மதில்களும் வீடுகளும் ரிசார்ட்டுகளும் சவுக்குத் தோப்புகளும் வரிசையாக நிற்கின்றன. முட்டுக்காடு பாலத்தில் தண்ணீர் தெரியும், அது கழிமுகம். அந்தப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள். பின்னால் வேகமாக வரும் பஸ்ஸுக்கு விலக இடமில்லை.

கடலைப் பார்க்க வேண்டுமானால் சாலையை விட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும். கோவளத்தில் உள்ளே திரும்பினால் சில நிமிடங்களில் மணல். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் சாளுவன்குப்பத்தில் புலிக்குகைக்குத் திரும்பினால், குகையைப் பார்த்த கையோடு கடலோரத்துக்கும் நடந்து போய்விடலாம். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது. இன்னும் தெற்கே கடப்பாக்கத்தில் இடதுபுறம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. கடலும் கழிமுகமும் சேர்கிற இடம். இந்தத் திருப்பங்களையெல்லாம் வண்டி பேசும்போதே சொல்லிவிடுங்கள். ‘மகாபலிபுரம் போய்வர’ என்று மட்டும் சொல்லி எடுத்த வண்டி மகாபலிபுரத்துக்குத்தான் போகும். நடுவில் திருப்பச் சொன்னால் டிரைவருக்குக் கிலோமீட்டர் கணக்கு, உங்களுக்கு மனக்கசப்பு.

கே: ஒரே வண்டிக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டோம். ஒருவர் ‘லோக்கல் பேக்கேஜ்’ என்கிறார், இன்னொருவர் ‘அவுட்ஸ்டேஷன்’ என்கிறார். மாமல்லபுரம்தான் போகிறோம். எது லாபம்? (கொளத்தூர் வாசகர்)

ப: லோக்கல் பேக்கேஜில் நேரத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரு தொகை. 8 மணி நேரம் 80 கிலோமீட்டர், 10 மணி நேரம் 100 கிலோமீட்டர் என்று இருக்கும். தாண்டினால் கூடுதல் மணிக்கு ஒரு தொகை, கூடுதல் கிலோமீட்டருக்கு ஒரு தொகை. அவுட்ஸ்டேஷனில் நேரக்கணக்கு இல்லை. ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் (சிலரிடம் 300), அதற்கு மேல் டிரைவர் பேட்டா (சாப்பாட்டுக்கான தினப்படி). 120 கிலோமீட்டர்தான் ஓடினாலும் 250க்குப் பணம் கட்ட வேண்டும்.

கணக்கு புரிவதற்காக ஒரு மாதிரி ரேட் வைத்துப் பார்ப்போம். 10 மணி, 100 கிலோமீட்டருக்கு 2,600 ரூபாய். கூடுதல் கிலோமீட்டர் 15, கூடுதல் மணி 200. கொளத்தூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பி, நடுவில் ஒன்றிரண்டு இடங்களில் திரும்பினால் 150 கிலோமீட்டர், 11 மணி நேரம் ஆகும். 2,600, அதோடு 750, அதோடு 200, மொத்தம் 3,550. அதே வண்டி அவுட்ஸ்டேஷனில் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் 250க்கு 3,500, பேட்டா 400, மொத்தம் 3,900. உங்களுக்கு லோக்கல்தான் லாபம். மாமல்லபுரத்தைத் தாண்டிப் போகப்போகத் தராசு மறுபக்கம் சாயும். 200 கிலோமீட்டரைத் தொட்டால் அவுட்ஸ்டேஷன் எடுங்கள். சில நிறுவனங்கள் மாமல்லபுரத்தையே அவுட்ஸ்டேஷனில் சேர்த்துவிடும். அதை முதலிலேயே கேளுங்கள்.

பில் தகராறு பெரும்பாலும் மூன்று இடங்களில் வருகிறது.

முதலாவது, மீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. பெரும்பாலும் ஷெட்டிலிருந்து (வண்டி வழக்கமாக நிற்கும் இடம்) ஷெட்வரைதான் கணக்கு. ஷெட் தாம்பரத்தில், உங்கள் வீடு கொளத்தூரில் என்றால் ஏறுவதற்கு முன்பே 30 கிலோமீட்டர் ஓடியிருக்கும். உங்கள் பகுதிக்குப் பக்கத்தில் ஷெட் உள்ளவரிடம் எடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்து டிரைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, நாள் கணக்கு. அவுட்ஸ்டேஷனில் ஒரு நாள் என்பது நீங்கள் ஏறியதிலிருந்து 24 மணி நேரம் இல்லை. நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை. ராத்திரி 12.20க்கு வீடு வந்தால் இரண்டு நாள். குறைந்தபட்சம் 500 கிலோமீட்டர், இரண்டு பேட்டா. இருபது நிமிடத்தில் பில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்.

மூன்றாவது, டோல், பார்க்கிங், பர்மிட். ‘எல்லாம் சேர்த்து’ என்று போனில் சொன்னதற்கு மதிப்பில்லை. வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஃபாஸ்டேகில் கழிந்த தொகை வண்டிக்காரருக்கு மெசேஜாக வரும். அதைக் காட்டச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கே: காலையில் கிளம்பி மாமல்லபுரம், ஆலம்பரை, புதுச்சேரி மூன்றையும் முடித்து ராத்திரிக்குள் வந்துவிட முடியுமா? (மேற்கு மாம்பலம் வாசகர்)

ப: முடியும், ஆனால் வேண்டாம் என்பதே எங்கள் பதில். காலை 5 மணிக்குக் கிளம்பினால் 6.15க்கு மாமல்லபுரம், 11 மணிக்கு ஆலம்பரை, 1 மணிக்குப் புதுச்சேரி. அப்போது அரவிந்தர் ஆசிரமம் மூடியிருக்கும் (12க்கு மூடி 2க்குத் திறக்கும்). மணக்குள விநாயகர் கோயில் மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் நடந்துவிட்டு 6க்குக் கிளம்பினாலும் வீடு வர 10 ஆகும். அதற்குள் டிரைவருக்குப் பதினேழு, பதினெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். 2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (1961) ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது. கடைசி இரண்டு மணி நேரம் இருட்டில், எதிரே பஸ்ஸும் லாரியும் வரும் சாலையில் உங்கள் குடும்பம் அந்தக் களைத்த கண்களை நம்பித்தான் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாளுக்கு ஆலம்பரையே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாம்பலத்திலிருந்து ஏறக்குறைய 105 கிலோமீட்டர். போகவர, திருப்பங்கள், ஷெட் எல்லாம் சேர்த்து அந்த 250 கிலோமீட்டரை ஒட்டியே முடியும்.

5.30க்கு ஏறினால் 6.45க்குக் கடற்கரைக் கோயில். காலை 6 மணிக்கே திறந்துவிடுவார்கள். வெயில் கிழக்கிலிருந்து சாய்வாக விழும் நேரம் அது. கல்லின் செதுக்கல் அப்போதுதான் கண்ணுக்கு எழும்பி நிற்கும். 10 மணிக்கு மேல் எல்லாம் வெளுத்துவிடும், பாறையும் சுடும். நுழைவுச்சீட்டு 40 ரூபாய், ஆன்லைனில் 35. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஐந்து ரதத்துக்கும் அதே சீட்டு செல்லும், தூக்கி எறிந்துவிடாதீர்கள். அர்ஜுனன் தபசு ஊர் நடுவே திறந்தவெளியில் இருக்கிறது, சீட்டு வேண்டாம். வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் அசல் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களுக்கு இந்தியர் கட்டணம்தான்.

டிபனை முடித்து 9.30க்குக் கிளம்பினால் 10.30, 10.45க்கு ஆலம்பரை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் பிடித்து இடிக்கப்பட்ட கோட்டை. இப்போது செங்கல் சுவர்களும் எதிரே விரிந்த தண்ணீரும்தான். நிழல் கிடையாது, குடையும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் வண்டியில் இருக்கட்டும். முக்கால் மணி போதும். திரும்பும் வழியில் சதுரங்கப்பட்டினம் அரை மணி. மாமல்லபுரத்தில் 1 மணிக்குச் சாப்பாடு. டிரைவருக்கும் அப்போது முக்கால் மணி நேரமாவது சாயக் கிடைக்க வேண்டும். பிற்பகல் வெயிலுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் நல்ல இடம். பழைய வீடுகளின் திண்ணையும் முற்றமுமாக நிழல் நிறைய உண்டு. 4.30க்கு வெளியே வந்தால் 6 மணிக்கு மாம்பலம்.

கிழமையை மறந்துவிடாதீர்கள். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை, வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை.

புதுச்சேரிதான் போக வேண்டும் என்றால் வேறு எங்கும் நிறுத்தாமல் நேரே போங்கள். 6 மணிக்குக் கிளம்பி 9.30க்குப் போய்ச் சேர்ந்தால் 12க்குள் ஆசிரமம், கோயில் இரண்டும் முடியும். சாப்பிட்டு, பிரெஞ்சுத் தெருக்களில் நடந்து, 3 மணிக்குக் கிளம்பிவிடலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்கு வழிச்சாலைப் பணியால் மாற்றுப்பாதைகள் வரக்கூடும். எந்தக் கணக்கிலும் அரை மணி கூட்டி வையுங்கள். மாலைவரை இருப்பதானால், 6 மணிக்கு மேல் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குள் வண்டியை விடமாட்டார்கள். ‘ரயில் நிலையப் பக்கம் வந்து நிற்கிறேன்’ என்கிற மாதிரி ஓர் இடத்தை இறங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கே: மரக்காணம் உப்பளத்தில் குவியல் குவியலாக உப்பைப் பார்க்கலாம் என்று டிசம்பரில் போனோம். வெறும் தண்ணீர்தான் இருந்தது. (சைதாப்பேட்டை வாசகி)

ப: வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கிவிடும். தை, மாசியில் பாத்தி கட்டி, வெயில் ஏற ஏற உப்பு எடுப்பார்கள். பங்குனிக்கு மேல் போங்கள். பாத்தி வரப்பில் ஏறி நடக்காதீர்கள். அது மண்ணைக் குழைத்துக் கையால் கட்டியது, ஓரம் சரிந்தால் அவர்களுக்கு ஒரு நாள் வேலை.

கே: விடியற்காலை 4 மணிக்கு வண்டி கேட்டால் எல்லாரும் சரி என்கிறார்கள். டிரைவர் தூங்கியிருப்பாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பெரம்பூர் வாசகி)

ப: முந்தின நாள் மாலையே டிரைவரின் பெயரும் எண்ணும் கேட்டு வாங்கி, நீங்களே பேசுங்கள். ‘ராத்திரி டூட்டி ஏதாவது இருக்கா?’ என்று நேராகக் கேட்கலாம். ஏர்போர்ட்டில் 1 மணிக்கு ஆளை இறக்கிவிட்டு, வண்டியிலேயே இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு உங்கள் வாசலுக்கு வருவது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. அவர் மேல் தவறில்லை. பேட்டாவை நம்பி ஓடுகிற குடும்பம். டூட்டி இருக்கிறது என்றால் வேறு டிரைவர் கேளுங்கள், அல்லது 6 மணிக்குத் தள்ளிப்போடுங்கள்.

வழியில் அடுத்தடுத்துக் கொட்டாவி, கண்ணைக் கசக்குவது, வண்டி கோட்டை விட்டு மெல்ல விலகி வெடுக்கென்று திரும்புவது, இதில் எதைக் கண்டாலும் ‘அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்’ என்று நிறுத்துங்கள். டீயோ காபியோ குடித்த கையோடு இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்கச் சொல்லுங்கள். பாட்டை உரக்க வைப்பதாலோ ஜன்னலைத் திறப்பதாலோ தூக்கம் போகாது.

கே: தெரிந்தவரின் சொந்தக் கார், ஒயிட் போர்டு. ஆயிரம் ரூபாய் குறைவாகக் கூட்டிப்போகிறேன் என்கிறார். (மடிப்பாக்கம் வாசகர்)

ப: எடுக்காதீர்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கும். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வண்டி எண் கிடைத்ததும் எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் இரண்டும் எந்தத் தேதிவரை என்று தெரியும். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். வண்டியின் பர்மிட் அங்கே செல்லுமா, இல்லையென்றால் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கே: அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி. கைக்குழந்தையும் உண்டு. மொத்தம் ஆறு பேர். எந்த வண்டி? (குரோம்பேட்டை வாசகி)

ப: டிசையர் மாதிரி செடானில் சீட் தாழ்வு. உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் வலி. இன்னோவாவில் சீட் உயரம் முட்டிக்கு நல்லது, ஆனால் ஏறும் படி உயரம். ஓர் அடி உயரமுள்ள கெட்டியான பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை எடுத்துப்போனால் அந்தக் கவலை தீர்ந்தது. அம்மாவை நடு வரிசையில், கதவோரம் உட்கார வையுங்கள். எர்டிகாவில் ஆறு பேர் உட்காரலாம். ஆனால் மூன்றாம் வரிசையை விரித்தால் பின்னால் இரண்டு பைகளுக்குத்தான் இடம். சி.என்.ஜி. செடானில் டிக்கியைச் சிலிண்டரே அடைத்துக்கொள்ளும், முன்கூட்டியே கேளுங்கள்.

குழந்தைக்கு: வாடகை வண்டிகளில் குழந்தை இருக்கை அநேகமாக இருக்காது, உங்களுடையதைக் கொண்டுபோக வேண்டும். அதைக் கட்ட பின்சீட் பெல்ட் வேண்டும். டூரிஸ்ட் வண்டிகளில் துணி உறை போட்டுப் பெல்ட் பூட்டுகளை அடியில் புதைத்துவிடுகிறார்கள். ‘பின்னாடி பெல்ட்டை வெளியே எடுத்து வையுங்க’ என்று முந்தின நாளே சொன்னால் ஷெட்டிலேயே செய்துவிடுவார்கள். விடியற்காலை வாசலில் அதைச் செய்ய முடியாது. ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

கே: டிரைவரிடம் சொன்னால் காரை மணல்வரை இறக்குவார்களா? பையன்கள் கடலில் குளிக்க ஆசைப்படுகிறார்கள். (வில்லிவாக்கம் வாசகர்)

ப: இறக்கச் சொல்லாதீர்கள். சக்கரம் சுற்றச்சுற்ற அடியில் உள்ள மணலைத் தோண்டிப் பின்னால் தள்ளும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி அடிவயிறு தட்டும்வரை இறங்கும். தவறிச் சிக்கிவிட்டால் உடனே மிதிப்பதை நிறுத்தி எல்லாரும் இறங்குங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை அள்ளிவிட்டு, டயர் காற்றைப் பாதிக்குக் குறைத்து, மெதுவாக வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுக்க வேண்டும். வெளியே வந்ததும் அந்தக் குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகக்கூடாது. பக்கத்து பங்க் வரை ஊர்ந்துபோய் நிரப்பிக்கொள்ளுங்கள்.

குளியல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்தக் கரையில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. அலை உடையாமல் நடுவில் அமைதியாக, சற்றுக் கலங்கிய நிறத்தில் தெரியும் பட்டைதான் உள்ளே இழுக்கும் நீரோட்டம். குளிக்கத் தோதான இடம் என்று அதைத்தான் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கோவளத்தில் நீலக்கொடிச் சான்று பெற்ற பகுதியில் குளிக்க எல்லை குறித்து, உயிர்காப்பாளர்களை வைத்திருக்கிறார்கள். அங்கே மட்டும், முழங்கால் ஆழத்தில். மாமல்லபுரத்தில் காலை நனைப்பதோடு சரி. ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள டிரைவரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அது அவர் வேலையும் இல்லை, அவருக்கு நீச்சல் தெரியும் என்பதும் நிச்சயமில்லை.

ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் கேனும் இரண்டு பிளாஸ்டிக் விரிப்பும் கூடவே இருக்கட்டும். உப்புத்தண்ணீரோடு சீட்டில் உட்கார்ந்தால் உறை கறை பிடிக்கும், கிளீனிங் காசும் கேட்பார்கள், கேட்பது நியாயம்தான்.

கே: ராத்திரி 11 மணிக்கு வெளிநாட்டு விமானம். அன்று பகலில் இ.சி.ஆர். சுற்றிவிட்டு நேரே ஏர்போர்ட் போகலாமா? (வடபழனி வாசகர்)

ப: மாமல்லபுரம்வரை என்றால் தாராளமாக. 8 மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும், மாமல்லபுரத்தை 5.30க்கு விட்டுவிடுங்கள். திருவான்மியூர் வழியாக வராமல், கோவளத்தில் திரும்பிக் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிக்கலாம். அல்லது ஓ.எம்.ஆரில் துரைப்பாக்கம்வரை வந்து பல்லாவரம் ரேடியல் சாலை. கிளம்பும்போது மேப்பில் எது சிவப்பாக இல்லையோ அது. ஞாயிறு என்றால் இன்னும் ஒரு மணி முன்னதாக. ஊர் திரும்பும் கூட்டம் மொத்தமும் அப்போது சாலையில்தான் இருக்கும். பெட்டிகளோடு சுற்றுவதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் வண்டியை விட்டு நகர முடியாது. அவருக்குச் சாப்பாட்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கே: பேட்டா கொடுத்த பிறகும் டிரைவருக்குச் சாப்பாடு நாம் வாங்கித் தர வேண்டுமா? (அசோக் நகர் வாசகி)

ப: கட்டாயம் இல்லை, பேட்டாவே சாப்பாட்டுக்காகத்தான். ஆனால் நீங்கள் ரிசார்ட்டில் நிறுத்தினால் அந்த விலையில் அவரால் சாப்பிட முடியாது. பக்கத்தில் மெஸ் இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், அல்லது உங்களோடு உட்காரச் சொல்லுங்கள்.

கே: புதுச்சேரியிலிருந்து இரண்டு பாட்டில் வாங்கி வந்தால் என்ன? (பெயர் வேண்டாம்)

ப: தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், வழியில் சோதனை உண்டு. பிடிபட்டால் வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அந்த வண்டிக்கு மாதத்தவணை கட்டுகிறவர் டிரைவராகவே இருக்கலாம். அவருக்குத் தெரியாமல் பையில் வைத்துக் கொண்டுவருவதை எந்தக் காரணம் சொல்லியும் செய்யாதீர்கள்.